குமிழ் எங்கே நின்றாலும் ஆடாத ஃப்ளைபேக் சப்ளை

நிலையாக 12 வோல்ட் தரும் ஃப்ளைபேக் சப்ளை (டிரான்ஸ்ஃபார்மரில் ஆற்றலைச் சேர்த்துப் பின் வெளியே விடும் பவர் சப்ளை) ஒன்றை எடுத்து, வெளியீட்டைப் பிரித்து அளக்கும் இரண்டு ரெசிஸ்டர்களான அதன் டிவைடரில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (குமிழால் மாற்றும் ரெசிஸ்டர், சுருக்கமாக பாட்) போட்டுவிட்டால் வோல்டேஜை மாற்றக்கூடிய சப்ளை தயார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குமிழைத் திருப்பினால் வோல்டேஜும் மாறத்தான் செய்யும். ஆனால் 12 வோல்ட்டில் சத்தமில்லாமல் இருந்த அதே போர்டு, 5 வோல்ட்டுக்கு இறக்கியதும் சீறத் தொடங்கும். ஸ்கோப்பில் பார்த்தால் வெளியீடு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரும் நன்றாக இருக்கும், ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டும் நன்றாக இருக்கும். கோளாறு, வெளியீட்டை அளந்து கண்ட்ரோலருக்குத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் லூப்பில் இருக்கும்.

ஒரே வோல்டேஜுக்கு லூப் அமைப்பது ஒரு புள்ளிக்கு அமைப்பது. மாறும் வோல்டேஜுக்கு அமைப்பது ஒரு வீச்சு முழுவதற்கும் அமைப்பது. இதில் போடே வரைபடக் கணக்கைவிட (அதிர்வெண்ணுக்கேற்ப லூப்பின் கெயின், அதாவது பெருக்கம், ஃபேஸ் இரண்டும் மாறுவதைக் காட்டும் படம் அது) முன்னதாக எடுக்கவேண்டிய இரண்டு முடிவுகள் உண்டு: டிவைடரில் எந்த ரெசிஸ்டரை மாற்றுவது, ஒளி வழியாகச் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளரின் (சுருக்கமாக ஆப்டோ) எல்இடிக்கு எங்கிருந்து கரண்ட் கொடுப்பது. இவை சரியாக அமைந்தால் மிச்சக் கணக்கு சாதுவானது.

முதலில் ஃப்ளைபேக் என்ன செய்கிறது என்று ஒரு பார்வை. மாஸ்ஃபெட் ஆன் ஆனதும் பிரைமரியில் கரண்ட் ஏறுகிறது, ஆற்றல் கோரின் காற்றிடைவெளியில் சேர்கிறது. அந்த நேரத்தில் செகண்டரி டயோடு கடத்தாது. லோடைத் தாங்குவது வெளியீட்டுக் கெபாசிட்டர் மட்டும்தான். மாஸ்ஃபெட் ஆஃப் ஆனதும் சேர்த்துவைத்த ஆற்றல் டயோடு வழியாகக் கெபாசிட்டருக்கும் லோடுக்கும் போகிறது. கரண்ட் மோட் கண்ட்ரோலர் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் பிரைமரி கரண்ட் எந்த உச்சத்தைத் தொட்டதும் மாஸ்ஃபெட்டை அணைப்பது என்பதை ஃபீட்பேக் முனையின் வோல்டேஜ் தீர்மானிக்கிறது. அந்த முனை உயர்ந்தால் கூடுதல் ஆற்றல், தாழ்ந்தால் குறைவு.

வெளியீடு செகண்டரி பக்கம், கண்ட்ரோலர் பிரைமரி பக்கம். இரண்டுக்கும் நடுவே மின் இணைப்பு இருக்கக்கூடாது. அதனால் செய்தி ஒளி வழியாகக் கடக்கிறது. வெளியீட்டை இரண்டு ரெசிஸ்டர்கள் பிரித்து டிஎல்431 சிப்பின் ரெஃபரன்ஸ் முனைக்குக் கொடுக்கின்றன. அந்த முனை சுமார் 2.5 வோல்ட்டைத் தாண்டினால் சிப் அதிகக் கரண்டை இழுக்கும், ஆப்டோவின் எல்இடி பிரகாசமாகும், மறுபக்கத்து ஃபோட்டோ டிரான்சிஸ்டர் கண்ட்ரோலரின் ஃபீட்பேக் முனையைக் கீழே இழுக்கும், பிரைமரி உச்சக் கரண்ட் குறையும். வெளியீடு தாழ்ந்தால் இதெல்லாம் எதிர்த்திசையில் நடக்கும்.

இனி முதல் முடிவு. வெளியீட்டு வோல்டேஜ் = 2.5 × (1 + மேல் ரெசிஸ்டர் ÷ கீழ் ரெசிஸ்டர்). சூத்திரத்தைப் பார்த்தால் எதை மாற்றினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். டிசி கணக்குக்கு அது சரி, லூப்புக்குச் சரியில்லை. டிஎல்431இன் கேத்தோடிலிருந்து ரெஃபரன்ஸ் முனைக்கு ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் தொடராகப் போகின்றன. லூப்பை ஆடாமல் வைக்கும் காம்பன்சேஷன் இவைதான். இவற்றின் தயவால் சிப் தன் ரெஃபரன்ஸ் முனையை 2.5 வோல்ட்டிலேயே அசையாமல் பிடித்துவைத்திருக்கிறது. முனை அசையவில்லை என்றால் அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவே உள்ள கீழ் ரெசிஸ்டரில் ஏசி வோல்டேஜ் இல்லை, ஆகவே ஏசி கரண்டும் இல்லை. லூப்பைப் பொறுத்தவரை கீழ் ரெசிஸ்டர் இருப்பதே தெரியாது. மேல் ரெசிஸ்டர் அப்படியல்ல. காம்பன்சேஷன் ரெசிஸ்டரை மேல் ரெசிஸ்டரால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கட்டத்தின் கெயின்.

கீழே 2.5 கிலோ ஓம் வைத்து மேலே பாட் போட்டதாக வைத்துக்கொள்வோம். 15 வோல்ட்டுக்கு மேல் ரெசிஸ்டர் 12.5 கிலோ ஓம், 5 வோல்ட்டுக்கு 2.5 கிலோ ஓம். குமிழைக் கீழே திருப்பியதுமே லூப் கெயின் ஐந்து மடங்கு எகிறிவிட்டது. போதாக்குறைக்கு, பின்னால் பார்க்கப்போவதுபோல, 5 வோல்ட்டில் பவர் பகுதியின் கெயினும் கொஞ்சம் அதிகம். இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன. மாறாக மேலே நிலையாக 10 கிலோ ஓம் வைத்து, கீழே 2 கிலோ ஓமும் அதனுடன் தொடராக 10 கிலோ ஓம் பாட்டும் வைத்தால், 15 வோல்ட்டிலிருந்து சுமார் 4.6 வோல்ட் வரை கிடைக்கும். காம்பன்சேஷன் ஒரு துளிகூட நகராது.

பாட்டைக் கீழே வைக்க இன்னொரு காரணமும் உண்டு, முதலாவதைவிடப் பெரியது. பாட்டின் வைப்பர், அதாவது குமிழோடு நகரும் தொடுமுனை, என்றாவது ஒருநாள் தொடர்பு விட்டுப்போகும். மேல் கிளையில் அது நடந்தால் டிஎல்431க்கு வெளியீடு பூஜ்யம் என்று தெரியும், சப்ளை முழு மூச்சாக மேலே ஓடும், இணைத்திருந்த லோடு போய்விடும். கீழ் கிளையில் நடந்தால் வெளியீடு தாழ்வான பக்கம் சரியும், அவ்வளவுதான். குமிழின் சுழற்சிக்கு வோல்டேஜ் நேர்விகிதத்தில் மாறாது, ஒரு முனையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் என்பது இதன் குறை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வைப்பரைப் பாட்டின் ஒரு முனையுடன் சேர்த்துக் கட்டிவிட்டால், தொடர்பு விட்டாலும் முழு 10 கிலோ ஓம் மிஞ்சும்.

இரண்டாவது முடிவு எல்இடியின் தீனி. பெரும்பாலான சர்க்யூட்களில் எல்இடியின் ரெசிஸ்டர் நேராக வெளியீட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. இப்படிச் செய்தால் செய்திக்கு இரண்டு வழிகள் உண்டாகின்றன. ஒன்று டிவைடர், டிஎல்431 வழியான மெதுவான வழி. இன்னொன்று, வெளியீட்டில் வரும் வேகமான அசைவு எல்இடி ரெசிஸ்டர் வழியாக நேரே எல்இடிக்குப் போய்விடும் குறுக்கு வழி. டிஎல்431 கேத்தோடு அசையாமல் நின்றாலும் இந்த வழி திறந்தே இருக்கும். இதன் கெயின்: ஆப்டோவின் கரண்ட் மாற்று விகிதத்தை, அதாவது சிடிஆரை, பிரைமரி பக்கத்துப் புல்-அப் ரெசிஸ்டரால் பெருக்கி எல்இடி ரெசிஸ்டரால் வகுக்க வேண்டும். கெபாசிட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இதற்குக் கீழே கெயினை இறக்க முடியாது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் போட்டும் ஆட்டம் நிற்காமல் அல்லாடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எண் போட்டுப் பார்த்தால் விவகாரம் புரியும். புல்-அப் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் என்று கொள்வோம். ஃபீட்பேக் முனையை அடிவரை இழுக்க ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர் வேண்டும். சிடிஆர் மோசமான நிலையில் 50 சதவீதம் என்றால் எல்இடிக்கு 2 மில்லிஆம்பியர். டிஎல்431 ஒழுங்காக வேலை செய்யத் தனியாக 1 மில்லிஆம்பியர் தேவை. எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம் போட்டால் அது கிடைத்துவிடும். மொத்தம் 3. வெளியீடு 5 வோல்ட் ஆக இருக்கும்போது எல்இடி 1.2 வோல்ட்டையும் டிஎல்431 2.5 வோல்ட்டையும் தின்றுவிடுகின்றன. மிச்சம் 1.3 வோல்ட். ஆக எல்இடி ரெசிஸ்டர் 430 ஓமுக்கு மேல் போகக்கூடாது. போனால் கண்ட்ரோலரை அணைக்கவே முடியாது, லோடு இல்லாதபோது வெளியீடு ஏறிக்கொண்டே போகும். 15 வோல்ட் மட்டும் தரும் சப்ளையாக இருந்தால் அதே இடத்தில் 3.3 கிலோ ஓம் தாராளமாகப் போட்டிருக்கலாம்.

430 ஓம் போட்டால் குறுக்கு வழியின் கெயின் சிடிஆரைப் போல 11 மடங்கு. சிடிஆர் 160 சதவீதம் உள்ள ஆப்டோ கைக்கு வந்தால் 17ஐத் தாண்டும். பிசி817 ரகத்தில் ஏ என்று பிரித்து விற்கும் வகைக்கே 80 முதல் 160 சதவீதம் வரை விட்டுவைத்திருக்கிறார்கள். அதுவும் 5 மில்லிஆம்பியரில். கரண்ட் குறைந்தால் சிடிஆர் குறையும், சூடு ஏறினாலும் குறையும், எல்இடிக்கு வயதானாலும் குறையும். ஆக, 5 வோல்ட்டுக்காகக் குறைத்த அந்த ஒரு ரெசிஸ்டர் 15 வோல்ட்டிலும் சேர்த்து லூப்பை அவசரக்காரனாக்கிவிடுகிறது.

என் கணிப்பில், கீழ் எல்லை 5 வோல்ட் பக்கம் வரும் சப்ளையில் குறுக்கு வழியை அடைத்துவிடுவதே நல்லது. அதற்கு எல்இடிக்கு வெளியீட்டைச் சாராத நிலையான ஒரு வோல்டேஜ், சொல்லப்போனால் 12 வோல்ட், தேவை. செகண்டரியில் இன்னொரு சாதாரணச் சுற்று சுற்றினால் வேலைக்காகாது. ஃப்ளைபேக்கில் எல்லாச் சுற்றுகளும் ஒன்றையொன்று பின்தொடரும். வெளியீடு மூன்றில் ஒரு பங்காக இறங்கினால் அதுவும் அப்படியே இறங்கும். சுற்றின் திசையைத் திருப்பி, மாஸ்ஃபெட் ஆன் ஆகியிருக்கும் நேரத்தில் டயோடு கடத்தும்படி செய்தால், அது உள்ளீட்டு வோல்டேஜைப் பின்தொடரும். உள்ளீடு 100 வோல்ட் டிசியில் 15 வோல்ட் வரும்படி சுற்றினால் 370இல் 55 வரும். ஒரு டிரான்சிஸ்டரும் ஜீனரும் வைத்து அதை 12 ஆக்கிவிடலாம், எடுக்கப்போவது சில மில்லிஆம்பியர்தானே.

பிரைமரி பக்கத்திலும் இதே தலைவலி உண்டு, பலர் கவனிப்பதில்லை. கண்ட்ரோலருக்குத் தீனி போடும் துணைச் சுற்றும் வெளியீட்டைத்தான் பின்தொடர்கிறது. 5 வோல்ட்டில் சிப்புக்கு 12 வோல்ட் கிடைக்கும்படி சுற்றியிருந்தால், 15 வோல்ட்டில் அது 33ஐ எட்டும். நடுவே ஒரு ரெகுலேட்டர் இல்லாமல் முடியாது.

சரி, இப்போது லூப்பின் மறுபாதி: பவர் பகுதி. எடுத்துக்காட்டுக்கு ஒரு சப்ளை. உள்ளீடு 100 முதல் 370 வோல்ட் டிசி, வெளியீடு 5 முதல் 15 வோல்ட், 2 ஆம்பியர், பிரைமரி இண்டக்டன்ஸ் 600 மைக்ரோஹென்ரி, சுற்று விகிதம் 6க்கு 1, ஸ்விட்சிங் 65 கிலோஹெர்ட்ஸ், வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட், அதன் உள்தடை 30 மில்லிஓம். பிரைமரி கரண்டை உணரும் ரெசிஸ்டர் 0.56 ஓம், கண்ட்ரோலர் ஃபீட்பேக் வோல்டேஜை உள்ளேயே மூன்றால் வகுத்துக்கொள்கிறது, உணரும் எல்லை 1 வோல்ட்.

கரண்ட் மோடில் இந்தப் பகுதி ஏறக்குறைய ஒரே ஒரு கெபாசிட்டர் போல நடந்துகொள்கிறது என்பதுதான் நமக்குக் கிடைத்த வரம். வெளியீட்டுக் கெபாசிட்டரும் லோடும் சேர்ந்து தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு துருவத்தை, அதாவது கெயின் இறங்கத் தொடங்கும் புள்ளியை, உண்டாக்குகின்றன. இந்தச் சப்ளையில் முழு லோடில் அது 15 வோல்ட்டில் 30 ஹெர்ட்ஸ் அளவிலும் 5 வோல்ட்டில் 80 ஹெர்ட்ஸ் அளவிலும் வரும். அதற்கு மேல் கெயின் சீராக இறங்கும், ஃபேஸ் 90 டிகிரி பின்தங்கும். கெபாசிட்டரின் உள்தடை 5.3 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஜீரோவைத் தந்து அந்த இறக்கத்தை நிறுத்தும்.

அப்புறம் வருவது எல்லோரையும் பயமுறுத்தும் வலப்பக்க ஜீரோ. தொடர் கரண்ட் நிலையில் (டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்காத நிலை) லோடு திடீரென்று கூடியதாக வைப்போம். கண்ட்ரோலர் அதிக ஆற்றல் சேர்க்க ஆன் நேரத்தை நீட்டுகிறது. ஆன் நேரம் நீண்டால் ஆஃப் நேரம் சுருங்குகிறது. வெளியீட்டுக்குக் கரண்ட் போவதே ஆஃப் நேரத்தில்தான். ஆகவே முதல் சில சுற்றுகளில் வெளியீட்டுக்குப் போகும் கரண்ட் கூடுவதற்குப் பதில் குறைகிறது. டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் ஏறி முடித்த பிறகுதான் நிலைமை சீராகும். அவசரப்படும் லூப் இந்த முதல் தாழ்வைப் பார்த்துவிட்டு இன்னும் அழுத்தும், ஆட்டம் தொடங்கும். இதற்குக் காம்பன்சேஷனில் மருந்து கிடையாது. கெயினைக் கூட்டிக்கொண்டே ஃபேஸைக் குறைக்கும் ஜீரோ இது. கிராஸ்ஓவரை, அதாவது லூப் கெயின் 1 ஆகும் அதிர்வெண்ணை, இதற்கு வெகு கீழே, ஐந்தில் ஒரு பங்குக்குள், வைத்துக்கொண்டு ஒதுங்கிப்போக வேண்டியதுதான்.

இது எங்கே வரும்? லோடு ரெசிஸ்டன்ஸை, ஒன்றிலிருந்து டூட்டியை (ஒரு ஸ்விட்சிங் சுற்றில் மாஸ்ஃபெட் ஆனாக இருக்கும் பங்கு) கழித்ததன் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டு பை, டூட்டி, செகண்டரி இண்டக்டன்ஸ் மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். நம் சப்ளையில் செகண்டரி இண்டக்டன்ஸ் 16.7 மைக்ரோஹென்ரி. உள்ளீடு 100 வோல்ட்டில் 15 வோல்ட், 2 ஆம்பியருக்கு டூட்டி 0.485, ஜீரோ 39 கிலோஹெர்ட்ஸ். 5 வோல்ட், 2 ஆம்பியருக்கு டூட்டி 0.255, ஜீரோ 52 கிலோஹெர்ட்ஸ். ஆக மோசமான மூலை, அதாவது எல்லை நிலை, 15 வோல்ட்தான்; ஆனாலும் 8 கிலோஹெர்ட்ஸ் வரை நமக்கு இடமிருக்கிறது. இந்தச் சப்ளையில் முதலில் கழுத்தைப் பிடிப்பது இந்த ஜீரோ அல்ல, ஆப்டோதான். ஃபோட்டோ டிரான்சிஸ்டர் சோம்பேறி. சில கிலோ ஓம் புல்-அப்புடன் சேர்ந்தால் பத்து கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே, புல்-அப் பெரிதானால் இன்னும் கீழேயே, அது தன் துருவத்தைக் காட்டிவிடும். எனவே கிராஸ்ஓவர் எந்த மூலையிலும் 2 கிலோஹெர்ட்ஸைத் தாண்டவேண்டாம் என்று வைத்துக்கொள்வோம்.

டூட்டி 0.5ஐ ஒட்டிப் போவதால் ஸ்லோப் காம்பன்சேஷனும் (உணரும் கரண்ட் சிக்னலுடன் ஒரு சாய்வைச் சேர்ப்பது) கொஞ்சம் வேண்டும். அது கரண்ட் லூப்பின் சங்கதி, வோல்டேஜ் லூப்பைச் சரிசெய்து அதைக் குணப்படுத்த முடியாது.

இனி மூலைகளைப் பார்ப்போம். 1 கிலோஹெர்ட்ஸில் பவர் பகுதியின் கெயின்: தாழ்ந்த உள்ளீடு, 15 வோல்ட், முழு லோடில் 0.29. அதே உள்ளீட்டில் 5 வோல்ட்டில் 0.42. உயர்ந்த உள்ளீடு, 5 வோல்ட்டில் 0.52. மூன்று மடங்கு வோல்டேஜ் மாறியும் கெயின் இரண்டு மடங்குக்குள் நிற்கிறது. சிடிஆரின் வீச்சோ 0.5 முதல் 1.6 வரை, மூன்று மடங்குக்கு மேல். குமிழைவிட ஆப்டோதான் பெரிய மாறி. அதனால் நெருக்கமான சிடிஆர் வகையைத் தேர்ந்தெடுத்து வாங்குவது, நாள்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போடுவதைவிடப் பலன் தரும்.

எல்இடிக்கு 12 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் போட்டால் ஆப்டோ கட்டத்தின் கெயின் சிடிஆரைப் போல 2.1 மடங்கு. கெயின் உச்சத்தில் இருக்கும் மூலையை எடுப்போம்: 0.52, சிடிஆர் 1.6. 2 கிலோஹெர்ட்ஸில் பவர் பகுதி 0.26 ஆகிவிடும், லூப் அங்கே 1 ஆக வேண்டுமானால் காம்பன்சேஷன் ரெசிஸ்டருக்கும் மேல் ரெசிஸ்டருக்கும் உள்ள விகிதம் 1.1 வரும். மேலே 10 கிலோ ஓம் இருப்பதால் இதுவும் 10 கிலோ ஓம் போதும். அதனுடன் தொடராக 150 நானோஃபாரட் போட்டால் ஜீரோ 106 ஹெர்ட்ஸில் விழும். அதற்குக் கீழே கெயின் ஏறிக்கொண்டே போய் டிசி பிழையைத் துடைத்துவிடும். மேலே தட்டையாக இருந்து, கிராஸ்ஓவரில் ஃபேஸைக் காப்பாற்றும். ஃபீட்பேக் முனையில் 2 நானோஃபாரட் அளவுக்கு ஒரு கெபாசிட்டர் போட்டால், ஆப்டோவின் சொந்தத் துருவத்துடன் சேர்ந்து ஸ்விட்சிங் இரைச்சலை அமுக்கும். கெபாசிட்டர் உள்தடையின் ஜீரோவுக்கும் அதுவே ஏறக்குறைய பதில்.

எதிர்மூலை என்னாகும்? 15 வோல்ட், சிடிஆர் 0.5, முழு லோடில் கிராஸ்ஓவர் 300 ஹெர்ட்ஸ் சொச்சத்துக்கு இறங்கும். ஃபேஸ் மார்ஜின், அதாவது ஆட்டம் தொடங்கும் எல்லைக்கு இன்னும் மிச்சமுள்ள ஃபேஸ், 70 டிகிரிக்கு மேல் இருக்கும், ஆபத்தில்லை, கொஞ்சம் மந்தம். கண் வைக்கவேண்டியது லேசான லோடின்மேல். 15 வோல்ட்டில் 0.1 ஆம்பியருக்கு இறக்கினால் சப்ளை இடைவிட்ட கரண்ட் நிலைக்குப் போய், கெயின் சரிந்து, கிராஸ்ஓவர் நம் 106 ஹெர்ட்ஸ் ஜீரோவின் பக்கத்திலேயே வந்து உட்காரும். அங்கே மார்ஜின் 45 டிகிரி அளவுதான். இன்னும் நிதானம் வேண்டுமென்றால் 150ஐ 220 நானோஃபாரட் ஆக்கலாம்.

குமிழ் வைத்த சப்ளைக்கே உரிய இன்னொரு விஷயம். லோடு இல்லாமல் 15இலிருந்து 5க்குத் திருப்பினால் 1000 மைக்ரோஃபாரட்டைக் காலி செய்ய டிவைடரின் ஒரு மில்லிஆம்பியர் சொச்சம் மட்டுமே இருக்கும். பத்து விநாடிக்கு மேல் இழுக்கும். அதுவரை லூப் முழுதாக அணைந்து கிடக்கும், மாஸ்ஃபெட் ஆடாது, துணைச் சுற்று வற்றி கண்ட்ரோலர் தூங்கிவிடும். 5 வோல்ட்டை எட்டியதும் உடனே எழுந்திருக்காமல் வெளியீடு இன்னும் கீழே விழுந்துவிட்டு மேலே வரும். வெளியீட்டுக்குக் குறுக்கே 680 ஓம் ஒன்றைப் போட்டால் முக்கால் விநாடியில் இறங்கிவிடும். 15 வோல்ட்டில் அது 0.33 வாட் எரிக்கும், 1 வாட் ரெசிஸ்டராகப் போடவும்.

கரண்ட் எல்லையும் கவனிக்க வேண்டியது. பிரைமரி உச்சக் கரண்டை மட்டும் நம்பினால், 15 வோல்ட்டுக்குச் சரியாக இருக்கும் அதே எல்லை 5 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல் விட்டுக்கொடுக்கும். டயோடும் செகண்டரியும் அதைத் தாங்காது. செகண்டரியில் தனிக் கரண்ட் எல்லை வேண்டும். அந்தக் கட்டத்தில் டிஎல்431க்குப் பதில் இரட்டை ஆப்-ஆம்புக்கு மாறுவதே சௌகரியம். ஆப்டோ செத்தால் லூப் முழுவதும் திறந்துகொள்ளும் என்பதால் ஆப்டோவைச் சாராத ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பும் கட்டாயம்.

சோதனைக்கு எலக்ட்ரானிக் லோடு ஒன்று போதும். 1 ஆம்பியருக்கும் 2 ஆம்பியருக்கும் நடுவே தாவவிட்டு, வெளியீட்டை ஏசி கப்ளிங்கில் பாருங்கள். கிராஸ்ஓவர் 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் சரிவு 160 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ஒரே சரிவாக இறங்கி ஆடாமல் திரும்பினால் நல்லது. இரண்டு மூன்று முறைக்கு மேல் துள்ளினால் மார்ஜின் போதாது. இதை 5, 10, 15 வோல்ட்டிலும், உள்ளீட்டின் இரு எல்லைகளிலும், லேசான லோடிலும், போர்டு சூடேறிய பிறகும் செய்ய வேண்டும். பிரைமரி பக்கத்தைத் தொடும்போது டிஃபரன்ஷியல் புரோப் இல்லாமல் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பைப் போடவே கூடாது. ரெக்டிஃபையருக்குப் பின்னாலுள்ள அந்தக் கிரவுண்ட் மெயின்ஸோடு ஒட்டியது.

நெட்வொர்க் அனலைசர் கிடைத்தால் மேல் ரெசிஸ்டரின் தலையில் 20 ஓம் போல ஒன்றைத் தொடராகச் சேர்த்து, அதன் குறுக்கே டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சிக்னலைச் செலுத்தி லூப்பை அளக்கலாம். எல்இடியை வெளியீட்டிலிருந்தே எடுத்த சர்க்யூட்டில் இதே இடத்தில் அளந்தால் வரும் படம் பொய். குறுக்கு வழி அந்த 20 ஓமுக்கு வெளியே போய்விடுவதால் அனலைசர் மெதுவான வழியை மட்டுமே லூப்பாகக் காட்டும். அங்கே சிக்னலைச் செலுத்த வேண்டிய இடம், எல்இடி ரெசிஸ்டரும் மேல் ரெசிஸ்டரும் பிரிவதற்கு முன்னால்.